பக்க அமைப்பும் பொருளும்

ஆங்கிலப் பனுவல் ஒன்றைத் திறனாயப் புகும் மாணவர் முதலில் தேடுவது பெயர்களையே. மோனை, உருவகம், விடை வேண்டா வினா, தடித்த எழுத்து, துணைத்தலைப்பு, படம் என ஒவ்வொன்றாகக் குறித்து, ‘இவை வாசகரைக் கவர்கின்றன’ என்று எழுதி முடிப்பர். அவ்விடை எந்தப் பனுவலுக்கும் பொருந்தும். ஆதலின் அது எந்தப் பனுவலைப் பற்றியதும் அன்று. மொழி உத்திக்கு ஒரு பட்டியல், பக்க அமைப்புக்கு வேறொரு பட்டியல் எனப் பிரித்துப் பயிற்றும் முறையே இக்குறைக்குக் காரணம் எனலாம். சிறந்த பனுவல்களில் இரண்டும் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை.

ஜார்ஜ் ஹெர்பர்ட் மறைந்த 1633ஆம் ஆண்டிலேயே அச்சேறிய அவர்தம் தொகுப்பில் ‘ஈஸ்டர் சிறகுகள்’ என்னும் பாடல் உண்டு. பத்துப் பத்து அடிகளாக இரு பகுதிகள். பத்து அசைகளில் தொடங்கும் அடி படிப்படியாகக் குறுகி, நடுவில் இரண்டசையாகி, மீண்டும் விரிந்து பத்தில் முடிகிறது. (ஆங்கில அசையைத் தமிழ் யாப்பின் நேரசை, நிரையசையோடு குழப்பலாகாது.) மனிதன் தான் பெற்ற வளத்தை இழந்து வறியனாகும் இடத்தில் அடியும் வறுமையுறுகிறது, இரண்டாம் பகுதியில் நோயால் உடல் மெலியும் இடத்தில் அடியும் மெலிகிறது. இறைவனோடு எழ வேண்டும் என்ற வேட்கை பிறந்ததும் அடி நீள்கிறது. முதற்பதிப்பில் அடிகள் செங்குத்தாக அச்சிடப்பட்டமையால் பக்கத்தில் விரிந்த சிறகுகள் தோன்றின. பின்வந்த பதிப்புகள் பல அவற்றைக் கிடையாக்கின. சிறகு மணற்கடிகாரம் ஆயிற்று! எனினும் பாடல் அழியவில்லை. குறுகலும் விரிவும் ஒலியிலேயே அமைந்திருத்தலின், கண் இழந்ததைச் செவி காத்துக்கொண்டது. எழுகூற்றிருக்கையும் சித்திரகவியும் கற்ற தமிழாசிரியருக்கு இது வியப்பளிக்காது.

இதற்கு நேர்மாறானது லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் வரும் எலியின் பாட்டு. அது வால்போல் வளைந்து வளைந்து இறங்குகிறது. எழுத்தும் நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகிறது. இது வெறும் வேடிக்கை அன்று. ஆங்கிலத்தில் கதையைக் குறிக்கும் சொல்லும் வாலைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒன்றே. எலி தன் துயரக் கதை நீண்டது என்கிறது. சிறுமி வாலைப் பார்த்து, நீளம் சரிதான், துயரம் எதற்கு என வியக்கிறாள். அவள் மனத்தில் பதிந்த வடிவத்தையே அச்சு காட்டுகிறது. இதனைத் தமிழாக்குவோர் வளைந்த வடிவத்தை எளிதில் அமைத்துவிடலாம். ஆயின் தமிழில் ‘கதை’யும் ‘வாலும்’ ஒலியால் ஒவ்வாதன. வேறொரு சொல் விளையாட்டைப் படைத்தாலன்றி வடிவம் காரணமற்ற கோலமாகவே நிற்கும்.

விளம்பரங்களையும் இவ்வாறே ஆராயலாம். 1959இல் அமெரிக்க இதழ்களில் வந்த வோக்ஸ்வேகன் கார் விளம்பரம், சிறியதாக எண்ணுமாறு இரண்டே சொற்களில் ஏவியது. பெரிய கார்களை விரும்பிய நாட்டில் அது துணிவான ஏவல். பக்கத்தின் பெரும்பகுதி வெறுமை. மேல் மூலையில் மிகச் சிறிய கார். அச்சொற்களை மட்டும் கரும்பலகையில் எழுதி மாணவரை விளக்கச் சொன்னால் ஓர் ஏவல் வாக்கியம் என்பர். படத்தைப் பெரிதாக்கி வெற்றிடத்தை நிரப்பினாலோ, தலைப்பும் படமும் ஒன்றையொன்று மறுக்கும்.