காணாப் பாலை: யுரேனிய நிலமும் பழங்குடித் தன்னுரிமையும் தற்காலக் கலையில்

முன்னுரை

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் நிலக்கோட்பாடு. அத்திரிபு கண்ணால் காணத்தக்கது. நீர் வற்றும்; மரம் கரியும்; வழிச்செல்வோர் வருந்துவர். யுரேனியச் சுரங்கம் விளைவிக்கும் திரிபோ அத்தகையதன்று. கதிரியக்கத்திற்கு நிறமும் மணமும் இல்லை. மலை பசுமையாகவே நிற்கும், வயல் விளையும், ஆறு ஓடும். காணவியலாத இப்பாலையைக் கலை எவ்வாறு காட்டுகிறது, அவ்வாறு காட்டுகையில் நிலத்துக்குரிய மக்களை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

உடலே சான்றாதல்

இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம் சார்க்கண்டின் கிழக்கு சிங்பூம் மாவட்டத்திலுள்ள ஜாதுகோடாவில் அமைந்தது. அதனை நடத்தும் இந்திய யுரேனியக் கழகம் 1967இல் நிறுவப்பட்டது. சந்தால், ஹோ முதலிய பழங்குடிகளின் ஊர்களுக்கு நடுவே அதன் ஆலைக் கழிவுக் குட்டைகள் உள்ளன. அங்குக் காணப்படும் நோய்களுக்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் கதிரியக்கமே காரணம் என மக்கள் இயக்கங்கள் கூறுகின்றன. கழகம் அதனை மறுத்துவருகிறது.

கதிரியக்கம் படம்பிடிக்கப்பட இயலாதது. ஆகவே ஒளிப்படக் கருவி அதன் தடத்தை மனித உடலில் தேடியது. ஜாதுகோடா என்றதும் நினைவுக்கு வருபவை குறைபாடுடைய குழந்தைகளின் படங்களே. இப்படங்களின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. செய்தித்தாள்களில் வெளியான அத்தகைய படங்களைக் கண்டு, 2014இல் சார்க்கண்ட் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எனினும் அந்த வெற்றியிலேயே ஓர் இழப்பும் அடங்கியுள்ளது. உடல் சான்றாக்கப்பட்டதும் வினா மருத்துவ வினாவாகச் சுருங்குகிறது: இந்நோய்க்குக் காரணம் கதிரியக்கமா, ஊட்டக்குறைவா? அவ்வினாவுக்கு விடை கூறும் உரிமை வல்லுநர்களிடம் சென்றுவிடுகிறது. இந்நிலத்தைத் தோண்ட இசைவளித்தவர் யார் என்னும் முதல் வினா கேட்கப்படாமலே போகிறது.

தலைப்புகளின் அரசியல்

ஸ்ரீபிரகாஷ் இயக்கிய ‘ஜாதுகோடாவில் புத்தர் அழுகிறார்’ (1999) என்னும் ஆவணப்படம் இம்மக்களின் குரலை உலக அரங்கிற்குக் கொண்டுசென்றது. 1974ஆம் ஆண்டு பொக்ரான் சோதனைக்குச் ‘சிரிக்கும் புத்தர்’ எனப் பெயர் வழங்கியதை அத்தலைப்பு தலைகீழாக்குகிறது. மகுவா மாஜியின் இந்தி நாவலான ‘மரங் கோடா நீலகண்ட் குவா’ (2012) நஞ்சுண்ட சிவனை நினைவூட்டுகிறது. இரு தலைப்புகளும் கூர்மையானவை. ஆயினும் நீலகண்டன் உலகைக் காக்கத் தானே விரும்பி நஞ்சுண்டவன். ஜாதுகோடா மக்களின் விருப்பம் கேட்கப்படவே இல்லை. தியாகப் படிமம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடக்கூடும். மேலும் புத்தரும் சிவனும் ஹோ மக்களின் மரபிலிருந்து வந்த உருவங்கள் அல்லர். துயரம் அம்மக்களுடையது, அதனைச் சொல்லும் படிமம் பிறருடையது. ஹோ இனத்தவரும் ஜாதுகோடாவைச் சேர்ந்தவருமான ஒளிப்படக் கலைஞர் ஆஷிஷ் பிருலியின் பணி இங்குச் சிறப்பிடம் பெறுகிறது. படமெடுக்கப்படுவோர், படமெடுப்போர் என்னும் பிரிவினை அவரிடம் தளர்கிறது.

கருப்பொருளும் கல்லும்

உடலைக் காட்டாமலேயே இழப்பைக் காட்ட இயலும் என்பதற்கு ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலைஞர் யோனி ஸ்கார்சின் ‘இடி பொழியும் நஞ்சு’ (2015) எனப் பொருள்படும் படைப்பு சான்றாகிறது. அது சுரங்கத்தைப் பற்றியதன்று. யுரேனியப் பாதையின் மறுமுனையான அணுகுண்டுச் சோதனையைப் பற்றியது. மரலிங்காவில் 1956 முதல் 1963 வரை பிரித்தானியர் நடத்திய சோதனைகளில் வெப்பத்தால் பாலை மணல் கண்ணாடியாய் உருகியது. ஸ்கார்ஸ் ஏறத்தாழ 2000 கண்ணாடி வள்ளிக்கிழங்குகளை ஊதி உருவாக்கி மழைபோலத் தொங்கவிட்டார். திணைக் கோட்பாட்டின்படி உணவு கருப்பொருள்களுள் ஒன்று. கருப்பொருளைக் காட்டுவது, அதனை உண்டு வாழ்ந்த மக்களை நோயாளிகளாக அன்றி நிலத்துக்குரியோராக நிறுத்துகிறது.

ஜாதுகோடாவிலும் அத்தகைய பொருள் உண்டு. ஹோ, முண்டா மக்கள் தம் முன்னோரைப் புதைத்த இடத்தில் வைக்கும் கற்பலகை சசன்திரி எனப்படும். ஒரு குடி அந்நிலத்திற்கு உரியது என்பதற்கு அக்கல்லே பட்டா. 1996இல் மூன்றாம் கழிவுக் குட்டைக்காகச் சாட்டிகோச்சாவில் வீடுகள் இடிக்கப்பட்டபோது முன்னோர் துயிலிடங்களும் குலைக்கப்பட்டன. நோய் குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். கல் குறித்து இருக்க இயலாது. 2013இல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தபோது டோங்கிரியா கோந்து மக்கள் முன்வைத்தது மலைத் தெய்வத்தின் உரிமையையே என்பது ஒப்புநோக்கத்தக்கது.

தருமபுரி நிலம்

இவ்வினா தமிழ்நாட்டுக்கு அயலானதன்று. அமுதன் ஆர்.பி.யின் ‘கதிர்வீச்சுக் கதைகள்’ ஆவணப்பட வரிசை மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணலிலிருந்தே தொடங்குகிறது. வட தமிழகத்தில் மொரப்பூரை அடுத்த அரூர், ஊத்தங்கரைப் பகுதி மாலிப்டினக் கனிமத்திற்கு அறியப்பட்டது. இவ்வட்டாரத்துக் குன்றுகளில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மாலிப்டினம் கதிரியக்கக் கனிமமன்று. ஆயினும் 2023இல் ஒன்றிய அரசு அறிவித்த 30 முக்கியக் கனிமங்களுள் அதுவும் ஒன்று. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்கள் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கப்பட்டன. ஜாதுகோடா ஐந்தாம் அட்டவணைப் பகுதியில் உள்ளது. எனினும் 1996ஆம் ஆண்டுப் பட்டியல் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டம் சிறுகனிமங்களுக்கு மட்டுமே கிராம சபையின் முன்பரிந்துரையைக் கட்டாயமாக்குகிறது. தமிழ்நாட்டிலோ பட்டியல் பகுதியே அறிவிக்கப்படவில்லை. வன உரிமைச் சட்டம் (2006) மட்டுமே துணையாக நிற்கிறது.

முடிவுரை

கருத்துக்கேட்பு இல்லாத இடத்தில், மக்களின் சொல் பதிவாகும் இடங்களுள் ஒன்றாகக் கலை எஞ்சுகிறது. ஆகவே கலையை மதிப்பிடும் அளவுகோல் அது எழுப்பும் இரக்கத்தின் அளவாக இருத்தல் போதாது. நிலம் யாருடையது, முடிவு யாருடையது என்னும் வினாக்களை அது தக்கவைக்கிறதா என்பதே அளவுகோலாதல் வேண்டும். ஆநிரை காத்து மாய்ந்தோர்க்கு நட்ட கற்கள் மிகுந்த தருமபுரி மாவட்டத்தில், கல் நினைவாகவும் உரிமையாகவும் நிற்பதை உணர்தல் அரிதன்று. நடுகல்லும் சசன்திரியும் வேறு வேறு மரபினவாயினும், எழுத்தாவணத்துக்கு முன்பே நிலத்தோடு மக்களைப் பிணைத்தவை. காணாப் பாலையைக் காட்ட முனையும் கலை, சிதைந்த உடலினும் அக்கல்லைத் தன் சான்றாகக் கொள்ளும்போதே தன்னுரிமையின் கலையாகிறது.