தொளதொள சிலுவாரும் லேவரின் அட்டவணையும்

புது ஃபேஷனைச் சட்டென்று ஏற்றுக்கொள்ளாத ஆட்களைப் பற்றி நான் படித்த எழுத்துகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. எத்தனை வருடத் தாமதம் என்று கணக்குப் போடுகின்றன. தாமதிக்கிற ஆள் அந்த உடையை முன்பு எங்கே பார்த்திருக்கிறான் என்று கேட்பதில்லை.

ஜேம்ஸ் லேவரையே எடுத்துக்கொள்வோம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர், உடை வரலாற்றில் பெரிய பெயர். 1937-இல் வந்த 'டேஸ்ட் அண்ட் ஃபேஷன்' நூலிலிருந்து இன்றுவரை எல்லாரும் எடுத்துப் போடுவது அவருடைய ஓர் அட்டவணையைத்தான். ஓர் உடை அதன் காலத்துக்கு 10 வருடம் முன்னால் வந்தால் ஆபாசம், 1 வருடம் முன்னால் வந்தால் துணிச்சல், சரியான காலத்தில் நாகரிகம். 1 வருடம் கழிந்தால் சோபை போய்விடும். 10 வருடத்தில் விகாரம், 20-இல் கேலிக்கூத்து, 30-இல் வேடிக்கை. அப்புறம் மெல்ல ஏறி 150 வருடத்தில் அழகாகிவிடும். இப்படி ஒன்று கையில் கிடைத்தால் இன்ஜினியர் சும்மா இருப்பானா? வரைபடம் போட்டுப் பார்த்தேன். சடாரென்று விழுந்து, நத்தை மாதிரி ஏறுகிற கோடு. பார்க்க நல்லாத்தான் இருக்கு.

தொளதொள சிலுவாரை இந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள். 90களில் அது உச்சத்தில் இருந்தது. 2000-லிருந்து 2007 வரை டியோர் ஓம் நிறுவனத்தில் இருந்த ஹெடி ஸ்லிமான் ஆண்களின் உருவத்தைப் பென்சில் மாதிரி சீவிவிட்டார். பாரிஸில் சீவியது எங்கள் ஊர் பாசார் மாலாமுக்கு வந்து சேர்ந்தபோது நான் படிவம் மூன்றில் இருந்தேன். பச்சைப் பள்ளிச் சிலுவாரைப் பிடித்துத் தைத்துப் போடுவதும், கட்டொழுங்கு ஆசிரியர் கண்ணில் படாமல் கழிப்பறைப் பக்கமாகச் சுற்றிப் போவதும் அந்த வயதின் கல்யாண குணங்கள். பிறகு 2020ஐ ஒட்டி மறுபடியும் அகலம் வந்தது. லேவர் கணக்குப்படி அப்போது அது கேலிக்கும் வேடிக்கைக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இளசுகள் சிரிக்காமல் போட்டுக்கொண்டு போனார்கள். வேகத்தில் அட்டவணை தோற்றதை மன்னித்துவிடலாம். கைப்பேசி இல்லாத காலத்தில் போட்ட கணக்கு.

எனக்கு அந்தச் சிலுவார் பிடிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. லேவரிடம் இதற்குப் பதில் இல்லை. என் கண்ணுக்கு அது 90களின் உடையே இல்லை. அது தமிழ்ப்பள்ளி நீலச் சிலுவார். "வளர்ற புள்ள" என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கி, இடுப்பை பெல்ட்டால் சுருக்கி, காலில் மூன்று விரல் அளவுக்கு உள்ளே மடித்துத் தைத்தது. ஒவ்வொரு ஜனவரியும் அம்மா ஒரு மடிப்பைப் பிரித்து இறக்குவார். வெளுத்த நீலத்துக்குக் கீழே வெளுக்காத நீலம் ஒரு பட்டையாகத் தெரியும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு. மர வளையத்தை எண்ணுகிற மாதிரி, கோடுகளை எண்ணி ஒரு சிலுவாரின் வயதைச் சொல்லிவிடலாம். வகுப்பில் எண்ணவும் செய்தார்கள். இறுக்கமான ஜீன்ஸ் எங்களுக்கு வெறும் ஃபேஷனாக வரவில்லை. எங்கள் உடம்பின் அளவுக்கென்றே, இன்னும் இரண்டு தீபாவளிக்கு ஆகுமா என்ற யோசனை இல்லாமல் வாங்கிய முதல் துணி அது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி தொளதொளப்புக்குள் போ என்று ஃபேஷன் சொன்னால், கால் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

இந்தத் தயக்கத்துக்கு எவரெட் ரோஜர்ஸ் வைத்த பெயர் இன்னும் மோசம். 1962-இல் வந்த 'டிஃப்யூஷன் ஆஃப் இன்னோவேஷன்ஸ்' நூலில், புதியதைக் கடைசியாக ஏற்கும் 16 விழுக்காட்டினரைப் பின்தங்கிகள் என்கிறார். அந்த 16 எங்கிருந்து வந்தது? மணி வடிவ வளைகோட்டில் சராசரியைத் தாண்டி ஒரு திட்ட விலக்கம் தள்ளிக் கோடு போட்டால் வலது பக்கம் மிஞ்சுவது அவ்வளவுதான். எல்லாருமே மின்னல் வேகத்தில் மாறுகிற ஊரிலும் அந்த வளைகோடு பொருந்தினால் 16 விழுக்காடு மிஞ்சும். கோடு போட்டவர் நாம். குணம் மட்டும் அவர்களுடையதா? ரோஜர்ஸின் அப்பா அயோவாவில் விவசாயி. புதுக் கலப்பினச் சோளத்தை நம்பாமல் இருந்தார். 1936 வறட்சியில் பக்கத்து நிலத்துக் கலப்பினப் பயிர் நின்றது, அவருடையது வாடியது. ஒரு தாமதக்காரரின் மகன் எழுதிய நூல் என்று தெரிந்த பிறகு எனக்கு ரோஜர்ஸ் மேல் கோபம் குறைந்துவிட்டது. ஆனாலும் சோளத்தில் தாமதித்தால் பசி. சிலுவாரில் தாமதித்தவனையும் அதே அளவுகோலால் அளக்கும்போது சொல் வழுக்குகிறது.

இவர்களில் கூர்மையானவர் கியோர்க் சிம்மல்தான். ஃபேஷன் பற்றிய அவருடைய கட்டுரை 1904-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கூட்டத்தோடு சேரவும் வேண்டும், கூட்டத்திலிருந்து விலகித் தெரியவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒரே சட்டைக்குள் இருப்பதைக் காட்டுகிறார். ஃபேஷனை வேண்டுமென்றே மறுப்பவனும் அதற்குக் கட்டுப்பட்டவன்தான் என்கிறார். அவன் செய்வதும் பின்பற்றல்தான், குறி மட்டும் கழித்தல். நம் இலக்கியக் கூட்டங்களில் "நான் ஃபேஷன் எல்லாம் பார்க்கிறதில்ல" என்று சொல்கிறவர்களின் கசங்கின ஜிப்பாவையும் ஜோல்னாப் பையையும் பார்த்திருந்தால் சிம்மல் சந்தோஷப்பட்டிருப்பார். தாமதமாக வருவதே ஆழம் என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. புத்தக விஷயத்தில் இன்னும் அதிகம்.

ஆனால் சிம்மலுடைய மாடிப்படியில் எல்லாம் மேலிருந்து கீழேதான் இறங்கும். மேலே இருப்பவர் அணிவார், கீழே இருப்பவர் பார்த்து அணிவார், உடனே மேலே இருப்பவர் வேறொன்றுக்கு ஓடுவார். 90களின் அகலச் சிலுவார் அப்படி இறங்கி வந்ததல்ல. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் ஹிப்-ஹாப் தெருக்களிலிருந்து கடைகளுக்கு ஏறிப்போனது. இல்லாதவன் உருவம் மேலே போய் விலைச்சீட்டோடு திரும்பி வரும்போது, அந்த இல்லாமையை நேரில் அறிந்தவன் என்ன செய்வான்? முந்திக்கொண்டு வாங்கவும் மாட்டான், கொள்கையாக மறுக்கவும் மாட்டான். சும்மா நிற்பான். இந்த நிற்றலுக்கு மூன்று பேரிடமும் சொல் இல்லை.

அப்புறம் எப்படிப் பிடித்தது என்றால், வெட்டைக் கவனித்த பிறகுதான். பண்டல் கடையில் ஒரு பழைய கம்பளிச் சிலுவாரைத் தரையில் விரித்துப் பார்த்தபோது, பெரிய சைஸும் அகல வெட்டும் வேறு வேறு என்று புரிந்தது. பெரிய சைஸில் முதலில் இடுப்பு தளரும், கவட்டை இறங்கும், பெல்ட்டுக்குக் கீழே துணி கொத்தாகச் சேரும். அகல வெட்டில் இடுப்பு கச்சிதம். முன் மடிப்புகள் இரண்டிலிருந்து துணி விரிந்து, தொடையைத் தொடாமல் நேராக விழுந்து, காலணி மேல் ஒரு தடவை மட்டும் மடங்கும். யாரோ கணக்குப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். இதைப் படத்தில் பார்த்தால் தெரிவதில்லை. கையால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. 18 வெள்ளி.

பயான் லெப்பாஸில் என் வேலையிடத்தில் தலை முதல் கால்வரை எல்லாருக்கும் ஒரே வெள்ளை உடுப்பு, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீட்டில்தான் போட்டுக் காட்டினேன். அம்மா இடுப்பைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு குனிந்து கால் விளிம்பை உள்பக்கம் திருப்பினார்.

"இடுப்பு சரியாத்தான் இருக்கு. உள்ள மடிப்பே விடலையேப்பா, எப்படி இறக்குவ?"