சுட்டது யார், சமைத்தது யார்?

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்கு நோக்கிய குடியேற்றத்தைக் கற்பித்ததில் பாடநூலுக்கு இணையான இடம் ‘ஓரிகன் டிரெயில்’ என்ற கணினி விளையாட்டுக்கு உண்டு. 1971இல் மினசோட்டாவில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ச், நண்பர்கள் இருவருடன் சேர்ந்து தன் வரலாற்று வகுப்புக்காக இதை உருவாக்கினார். படமும் இசையுமாக 1985இல் வந்த பதிப்பு தொடக்கப் பள்ளிகளின் கணினி அறைகளை நிறைத்தது.

அதில் ஆண்டு 1848. மிசௌரியிலிருந்து மாட்டு வண்டியில் ஓரிகனுக்குப் புறப்பட வேண்டும். பாஸ்டன் வங்கியாளர், ஒஹையோ தச்சர், இல்லினாய் விவசாயி ஆகிய மூவரில் ஒருவராகலாம். எருது, உணவு, உடை, தோட்டா வாங்கலாம். ஆற்றைக் கடக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். வேட்டையாடினால் 100 பவுண்டு இறைச்சி வரை வண்டிக்குக் கொண்டுவரலாம்.

அந்த இறைச்சியைச் சமைத்தது யார்? விளையாட்டில் சமையலே இல்லை. நாள்தோறும் உணவின் எடை குறையும், அவ்வளவுதான். மரமற்ற சமவெளியில் அடுப்பெரிக்கக் காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கியவர்கள் பெண்களும் குழந்தைகளும். துவைத்ததும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதும் பெரும்பாலும் பெண்கள். வயிற்றில் பிள்ளையோடு அந்த நெடும்பயணத்தைக் கடந்தவர்களும் உண்டு. விளையாட்டில் காலரா வரும், வயிற்றுக்கடுப்பு வரும், பாம்பு கடிக்கும். பிரசவம் மட்டும் வராது. வண்டியில் போகிறவர்களுக்குப் பெண் பெயர் வைக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கென்று அங்கே ஒரு வேலையும் இல்லை.

சான்று இல்லாமல் இல்லை. எந்த விபத்து எத்தனை முறை நேர வேண்டும் என்ற கணக்கை ராவிட்ச் திருத்தியதே, பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்துத்தான். மேற்கே பயணித்த பெண்களின் நாட்குறிப்புகளை லிலியன் ஷ்லிசல் 1982இல் நூலாகவே கொண்டுவந்துவிட்டார். விபத்து விளையாட்டுக்குள் வந்தது. அன்றாட வேலை வெளியே நின்றது.

பாடநூலில் பெண் இல்லையென்றால் ஒரு மாணவி கேள்வி எழுப்பக்கூடும். விளையாட்டில் அவளே முடிவெடுக்கிறாள், அவளே சுடுகிறாள். தான் செய்ததையே வரலாறு என்று நம்புகிறாள். செய்ய வாய்ப்பே தரப்படாதது அவள் கண்ணில் படுவதில்லை.

விதிகள் மாறக்கூடியவைதான். பூர்வகுடிகளின் நிலத்தினூடே போன இந்தப் பயணத்தை அவர்கள் பார்வையிலிருந்தும் சொல்ல, 2021 பதிப்பு பூர்வகுடி வரலாற்றாளர்களைக் கலந்தாலோசித்தது. பூர்வகுடிப் பாத்திரங்களையும் சேர்த்தது. அடுப்படிக்கும் அதே அக்கறை தேவை.

அதுவரை ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. வேட்டை முடிந்ததும் திரையை நிறுத்தி, “இந்த இறைச்சி தட்டுக்கு வர இன்னும் என்னென்ன வேலை இருக்கிறது?” என்று கேட்கலாம். எரிபொருள், தண்ணீர், பாத்திரம், இடுப்பில் அழும் குழந்தை என்று பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும், அதைச் செய்தது யார் என்றும் எழுதச் சொல்லலாம்.