இரண்டு கண்ணகிகள்

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், வானம் தெளிந்த நாளில் கீழே பழனி தெரியும். பேகன் ஆண்ட நாடு. மயிலுக்குப் போர்வை தந்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவன் துறந்த மனைவி பெயரும் கண்ணகி என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. பின்னால் தெரிந்தபோது, வெகுநாள் அவளைக் கோவலன் மனைவியாகவே வாசித்தேன். தவறு.

புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். எதற்குள்ளும் அவள் பெயர் கிடையாது. கீழுள்ள குறிப்பில்தான் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டுப் படித்தால் வேறொருத்தி தெரிகிறாள். 144இல் பரணர், நீ அவனுக்கு உறவா என்று கேட்கிறார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இல்லை என்கிறாள். தன்னைப் போன்ற இன்னொருத்தியைத் தேடி அவன் தினமும் போகிறானாம் என்கிறாள். அவ்வளவுதான். ஊர் எரியவில்லை, கோயில் எழவில்லை. 145இலும் 146இலும் புலவர்கள் பொருள் கேட்கவில்லை; அவளிடம் போ, அதுதான் பரிசில் என்கிறார்கள். போனானா என்று பாட்டு சொல்லவில்லை.

சிலம்பின் கண்ணகி கணவனுக்காக நியாயம் கேட்டவள். இவள் கணவனோடு உறவே இல்லை என்றவள். இதைப் படித்த பிறகு நாம் கற்பைப் பற்றிப் பேசலாம்.