பதினோராவது தகுதி

ஜார்ஜ் ஆர்வெல் என்றதும் உங்களுக்கு 'விலங்குப் பண்ணை' ஞாபகம் வரும். அதே மனிதர் ஒரு பப்பைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார், தெரியுமா? 1946 பிப்ரவரி 9-ம் தேதி லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் வந்த கட்டுரை. பப்பின் பெயர் 'தி மூன் அண்டர் வாட்டர்'.

பப் என்பது பப்ளிக் ஹவுஸின் சுருக்கம். குடிக்கிற இடம்தான். ஆனால், ஊர் வம்பும் நல்லது கெட்டதும் பேசுகிற பொதுத் திண்ணையும் அதுவே. ஆர்வெல்லின் பப்பில் ரேடியோ அலறாது. பரிமாறும் பெண்களுக்கு வாடிக்கையாளர் பெயரெல்லாம் அத்துப்படி. ஆஸ்பிரினும் தபால்தலையும்கூடக் கிடைக்கும். தோட்டத்தில் குழந்தைகளுக்கு ஊஞ்சல்.

'அட, ஒருநாள் போகணுமே' என்று நாம் கிளம்புகிற நேரத்தில் போட்டு உடைக்கிறார்: அப்படி ஒரு பப்பே கிடையாதாம்! தான் விரும்பும் பத்துத் தகுதிகளில் எட்டு உள்ள பப்தான் அவருக்குத் தெரியுமாம்.

அருமையான கட்டுரை. ஆனால், பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? அந்த பப் யாருடைய சொத்து? மூடுவதென்றால் முடிவெடுப்பது யார்? ஆர்வெல் மூச்சே விடவில்லை. 1936-ல் வாலிங்டன் கிராமத்தில் மளிகைக் கடை நடத்தியவர் அவர். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் பிரிட்டனின் பெரும்பாலான பப்கள் பீர் ஆலைகளுக்குச் சொந்தம். நடத்துகிறவர் வாடகைக்கு இருப்பவர், அவ்வளவுதான். கணக்கு உதைத்தால், ஊரின் ஒரே பப்பாக இருந்தாலும் கைமாறிவிடும். நாளைக்கு அது யாரோ ஒருவரின் வீடு.

ஆர்வெல் விட்ட இடத்தை நிரப்பியது ஒரு குட்டிக் கிராமம். கம்ப்ரியாவில் இருக்கிற ஹெஸ்கெட் நியூமார்க்கெட். அங்கே 'ஓல்ட் கிரவுன்' என்ற பப். 1988-ல் அதன் பின்னால் இருந்த கொட்டகையில் பீர் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1999-ல் அந்த ஆலையை ஊர்க்காரர்கள் கூட்டுறவு அமைத்து வாங்கினார்கள். 2003-ல் பப்பையும்! நூற்றுக்கும் மேற்பட்டோர் பங்கு போட்டார்கள். மலையேற்ற வீரர் கிறிஸ் போனிங்டன் அவர்களில் ஒருவர். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் என்ற பெயர் அதற்கு. இன்று ஊராரே நடத்தும் பப்கள் அங்கே நூறைத் தாண்டிவிட்டன.

2011-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டமும் வந்தது. பப்பை சமூகச் சொத்தாகப் பதிந்து வைத்தால், விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஊருக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. ஊருக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது.

ஆர்வெல்லின் கற்பனைப் பெயர் என்ன ஆச்சு என்கிறீர்களா? 'வெதர்ஸ்பூன்' என்ற பெரிய கம்பெனி தன்னுடைய பல பப்களுக்கு அதையே சூட்டிக்கொண்டது. பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் சார், காசா பணமா!

உங்களுக்குப் பிடித்த இடத்தைப் பற்றி யாராவது உருகி எழுதினால் ரசித்துப் படியுங்கள். அப்புறம், பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.