தோடிக்கு மதிப்பெண் போடும் கணினி

கர்நாடக இசை வகுப்புக்குள் கணினி நுழைந்து வெகுநாளாகிறது. கரோனாவுக்கு முன்பே அயல்நாட்டுப் பிள்ளைகள் சென்னை வித்வான்களிடம் ஸ்கைப்பில் பாட்டு கற்றார்கள். தம்புரா செயலி, தாளச் செயலி, பாடினால் மதிப்பெண் போடும் செயலி என்று இன்று பலவும் வந்துவிட்டன. எல்லாவற்றையும் மொத்தமாகப் புகழ்வதும் ஒதுக்குவதும் சரியல்ல.

நிறைகள் மெய்யானவை. தம்புராவைச் சுருதி சேர்க்கப் பழகாத பிள்ளைக்கும் சுத்தமான சுருதி கைபேசியிலேயே கிடைக்கிறது. குரு பாடிய சங்கதியைச் சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்டால், பிருகா எங்கே புறப்பட்டு எங்கே விழுகிறது என்று பிடிபடுகிறது. பிராட் என்ற இலவச மென்பொருள் குரலைக் கோடாக வரைந்து காட்டும். தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பாடினால் கோடு ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஏறி இறங்கும். குருவின் கோட்டோடு தன் கோட்டை ஒப்பிட்டு, அசைவு எங்கே குறைகிறது என்று மாணவர் கண்டுகொள்ளலாம்.

மதிப்பெண் செயலியின் கோளாறும் அதே காந்தாரத்தில்தான் வெளிப்படுகிறது. பியானோவின் 12 ஸ்தானங்களை அளவுகோலாகக் கொண்ட செயலிக்கு, அசையாத காந்தாரமே சரியான காந்தாரம். தோடியைத் தோடியாகப் பாடிய பிள்ளைக்கு மதிப்பெண் குறையும்; கமகம் என்ற அந்த அசைவே இல்லாமல் பாடிய பிள்ளைக்குப் பாராட்டு கிடைக்கும். தொடக்கநிலையில் இப்படிக் கெட்ட காதைத் திருத்துவது பெரும்பாடு.

நேரலை வகுப்பின் சிக்கல் தாளத்தில் இருக்கிறது. வினாடிக்கு ஒரு தட்டு என்று சரளி வரிசை பாடினால், மூன்றாம் காலத்தில் ஒரு சுரத்துக்குக் கால் வினாடிதான். இணையத்தில் குரல் போய்வர அதே கால் வினாடி பிடித்தால் மாணவரின் குரல் ஒரு சுரம் பின்தங்கியே குருவுக்குக் கேட்கும். சேர்ந்து பாடவே முடியாது. போதாக்குறைக்கு, வீடியோ அழைப்பு மென்பொருள்கள் தம்புராவின் இடைவிடாத நாதத்தை இரைச்சலென்று எண்ணி வடிகட்டிவிடுவதும் உண்டு.

கமகத்தைக் கண்ணுக்குக் காட்டும் முயற்சி கணினிக்கும் முந்தையது. சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் கமகங்களுக்குத் தனிக் குறிகளே உண்டு. ஆனால் ராகம் முன்பே காதில் ஏறியவருக்குத்தான் அவை பேசும். கணினியின் கோடும் அப்படியே. சுருதிக்கும் பதிவுக்கும் ஒப்பீட்டுக்கும் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காலப் பயிற்சியும், அந்தந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரமும் இயன்றவரை நேரில் நடக்கட்டும். பாடியது தோடியா இல்லையா என்று சொல்லும் பொறுப்பை மட்டும் குருவிடமிருந்து கணினிக்கு மாற்றிவிடக் கூடாது.