பிரிகெல்லா: தந்திரமும் அதன் எல்லையும்

இத்தாலிய முகமூடி நாடகத்தை வெறும் கோமாளிக்கூத்து என ஒதுக்கிவிடுவோர் உளர். அதிலே வரும் தந்திரசாலி வேலைக்காரனாகிய பிரிகெல்லாவைச் சிறிது ஆராய்ந்தால், இக்கூற்று எத்துணை மேலோட்டமானது என்பது புலனாகும்.

1545ஆம் ஆண்டிலே பாதுவா நகரில் எட்டு நடிகர் ஒப்பந்தம் எழுதிக் குழுவொன்றை அமைத்தனர். தொழில்முறையான இந்நாடக மரபுக்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் அது முக்கியமானது. அந்நூற்றாண்டிலே பெர்காமோ மலைப்புறத்து ஏழை உழவர் பிழைப்புத் தேடி வெனிஸ் நகருக்கு வந்து சுமைகூலிகளாயினர். அவர்தம் பேச்சையும் பசியையும் மேடை நகைப்புக்குரியனவாக்கியது. 'சன்னி' என்னும் வேலைக்காரப் பாத்திரம் அவ்வாறே உருப்பெற்றது. ஜியோவன்னி என்ற சாதாரணப் பெயரின் வட்டார வழக்கே சன்னி. அவன் ஆயிரவருள் ஒருவன்.

சன்னிகள் இருவர். ஆர்லெக்கினோ பசியே உருவானவன். பிரிகெல்லா சூழ்ச்சியே உருவானவன். சச்சரவைக் குறிக்கும் 'பிரிகா' என்ற சொல்லோடு அவன் பெயர் தொடர்புடையது. பச்சைப்பட்டி தைத்த வெள்ளையுடை, இடுப்பிலே குறுவாள், பேராசை ததும்பும் முகமூடி. கருமி வணிகனான பந்தலோனேயை அவன் ஏமாற்றும்போது சபை ஆரவாரிக்கிறது. கூலிக்காரனின் அறிவு பணப்பெட்டியை வெல்வதைக் கண்ட மகிழ்ச்சி அது. அம்மகிழ்ச்சியை நாம் இழிவாகக் கருதுவதற்கில்லை. உரிமை எதுவுமற்றவனுக்கு அறிவொன்றே ஆயுதம்.

எனினும், அவ்வாயுதத்தை அவன் யாருக்காக ஏந்துகிறான்? காதலருக்கு அவன் உதவுவது பெரும்பாலும் காசுக்காக; உடன் உழைக்கும் ஆர்லெக்கினோவை ஏவி அடிவாங்க வைப்பவனும் அவனே. கோல்டோனி 1745இல் ஆக்கிய 'இரு எசமானர்களின் வேலைக்காரன்' நாடகத்திலே பிரிகெல்லா சத்திரக்காரனாகிவிட்டான். ஆர்லெக்கினோவின் வழிவந்த துருபால்தீனோதான் இரட்டைக் கூலிக்காக இரு எசமானர்களிடையே ஓடி அலைகிறான். ஒரு சன்னி சத்திரத்துக்கு உரியவனானான். மற்றவனோ அதே சத்திரத்தில் எசமானர்களுக்கு உணவு பரிமாறியவாறே தன் பசியோடு போராடுகிறான்.

1947இல் மிலான் நகரின் பிக்கொலோ தியேட்டரிலே ஸ்திரேலர் இந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றியபோது, உலகப் புகழ் பெற்றவன் அந்தப் பசித்தவனே. இதனை நாம் தற்செயல் எனக் கொள்ளோம். பிரிகெல்லாவின் திறமையை இரசிக்கலாம். ஆனால் அவனை விடுதலை வீரனாகப் போற்றும் விமர்சனம் தவறானது. அவன் எசமானை ஏமாற்றினான். எசமான் என்னும் நிலையை மாற்ற முயலவில்லை. தான் ஏறிவந்த ஏணியிலே தோழனுக்கு இடமளிக்கவுமில்லை.